எங்கள் மாடிப்படியில் அறுபத்தொரு பேர்

என் அத்தையைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் "மேப்பு". வயதில் சிறியவர்கள் "மேப்பு அக்கா" என்பார்கள். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். நகராட்சி சுகாதார அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் ஒப்பந்த வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், தலையை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் மின்விசிறி, அத்தை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். நோயாளியின் வயது, நோய், கதவு எண், தெரு, வார்டு. ஒவ்வொரு வரியும் திரையில் இருக்கும் ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். புள்ளிகள் எங்கே கூட்டம் கூடுகின்றனவோ அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். போன வருடம் ஒரு சாலையோரம் நாற்பது காய்ச்சல் புள்ளிகள் நெருக்கியடித்து நின்றதைப் பார்த்துவிட்டு, அங்கே பாதியில் நின்றுபோன கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருப்பதை அத்தைதான் கண்டுபிடித்தாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பசி வரும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். சில வரிகளில் கதவு எண் இருக்காது, தெரு இருக்காது, வார்டு மட்டும் இருக்கும். அந்த வரிகளைக் கம்ப்யூட்டர் சிவப்பாக்கி நிறுத்திவிடும். சிவப்பு முழுவதும் தீரும்வரை அன்றைய வரைபடம் வெளியே வராது. முதல் வாரத்தில் சிவப்பு வரிகள் நூற்றுக்குமேல் சேர்ந்துவிட்டன. மேலதிகாரி வாசலில் வந்து வந்து நின்றார். அத்தை தேடித் தேடி ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். 'முகவரி இல்லாவிட்டால் வார்டின் மையத்தில் வை' என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. டிக் அடித்தாள். சிவப்பெல்லாம் ஒரே நொடியில் மறைந்தது. "பரவாயில்லையேம்மா, கை வேகம்தான்" என்றார் மேலதிகாரி.

எங்கள் வார்டின் மையம் எங்கே விழுகிறது என்று அன்றே ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"அப்போ நாமதான் இந்த வார்டோட தொப்புளா? அதான் எப்பப் பாரு ஈரமாவே இருக்கு!"

மாடிப்படி எப்போதும் ஒழுகும். அன்றிலிருந்து பஸ் டிப்போவில் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அப்பா, "தொப்புளுக்கு வந்து சேர்ந்தாச்சு" என்று சொல்லித்தான் செருப்பைக் கழற்றுவார். மூன்று வருடம் இது எங்கள் வீட்டு வேடிக்கையாகவே இருந்தது.

இந்த வருடம் பெருமழை விட்டதும் வாந்திபேதி வந்தது. இரண்டே வாரத்தில் எங்கள் வார்டிலிருந்து மட்டும் தொண்ணூற்று நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருநாள் பெரிய அதிகாரிகள் கூட்டம், மதியம் பன்னிரண்டுக்கு. பதினொன்றரைக்கு மேலதிகாரி அத்தையின் அறைக்கு ஓடிவந்தார்.

"புள்ளி மேப் வேணாம்மா. அவங்களுக்குப் புள்ளியப் பாத்தா கொட்டாவிதான் வரும். கலர் போட்டுக் குடு."

வண்ண வரைபடம் என்பது இதுதான்: புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும் இடத்துக்குக் கம்ப்யூட்டரே சிவப்பு பூசும், குறைவான இடத்துக்கு மஞ்சள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அறுபது புள்ளி இருந்தாலும் புள்ளி வரைபடத்தில் கண்ணுக்கு ஒரு புள்ளிதான் தெரியும். வண்ண வரைபடத்தில் அந்த அறுபதும் சேர்ந்து எரியும். அத்தை பொத்தானை அழுத்தியதும் எங்கள் தெரு எரிந்தது.

அவள் சந்தேகப்படவில்லை. அதைத்தான் பின்னால் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அண்ணா, அண்ணி, நீ, எல்லாரும் கண்ணு முன்னாடி வந்துட்டீங்கடி. பயத்துல மூளை நின்னுபோச்சு." வீட்டுக்கு வந்து குடத்தில் இருந்த தண்ணீரையெல்லாம் கீழே கொட்டினாள். அம்மாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, உங்களுக்கு வயிறு சரியா இருக்கா?" என்று நாலு முறை கேட்டாள். அம்மா, "நீ கேக்கக் கேக்கத்தான் ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தெருவின் இரண்டு முனைகளிலும் தகரம் அடித்தார்கள்.

எங்கள் தெரு குறுகியது. முப்பத்தொரு வீடு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு என் நடையில் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அந்த நாட்களில் நான் அதைத் தினமும் எண்ணினேன், அதனால் நிச்சயமாகத் தெரியும். ஆள் உயரத்துக்கு மேலே தகரம், அதன் மேல் ஓர் அறிவிப்பு: 'இந்தத் தெருவில் 61 நோயாளிகள். 14 நாட்கள் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது.' குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, லாரித் தண்ணீரை ரப்பர் குழாயால் தகரத்துக்கு மேலே விட்டார்கள்.

அறிவிப்பை முதலில் படித்தது எதிர்வீட்டு வேன் டிரைவர்தான்.

"அறுபத்தொண்ணு பேரா? இந்தத் தெருவுலயா? எங்க ஒளிச்சு வெச்சிருக்கோம், பரண் மேலயா?"

பக்கத்து வீட்டு டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "எங்க வீட்ல யாரும் இல்ல. உங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் இல்ல."

"அப்போ அடுத்த வீட்லதான் இருக்கணும்."

இப்படியே கேட்டுக்கொண்டு போய் முப்பத்தொரு வீடும் முடிந்தது. ஒருவர்கூட இல்லை. பிறகு எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"மேப்பு அக்கா, நீங்கதானே வரைஞ்சீங்க?" என்றார் டிரைவர்.

அத்தை படியில் நின்றாள். "நான்தான்."

"சொந்த வீட்டச் சுத்தி சிவப்பு அடிக்கறப்ப ஒரு தடவ யோசிக்கலயா? எனக்கு வண்டி ஓடலன்னா வீட்ல அடுப்பு எரியாது, தெரியும்ல?"

"நோய் இருக்கற எடத்ததான் மேப் காட்டும், தம்பி."

"எங்க இருக்கு நோய்? காட்டுங்க பாப்போம். வெரல வெச்சுக் காட்டுங்க."

அன்று மதியம் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்தார்கள். நோயாளி இல்லை என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். ஊழியர் ஒருவர் எழுதியதை டீச்சரம்மா எட்டிப் பார்த்துவிட்டார். 'மக்கள் மறைக்கிறார்கள்' என்று எழுதியிருந்தாராம். நோய் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிட்டால் அதற்குமேல் என்ன சொல்லி வெளியே வருவது?

அடைபட்டிருப்பது எப்படியிருக்கும் என்று கேட்டால், முதல் நாள் விடுமுறை மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பது முழுக்கக் காதில் விழும். மூன்றாம் நாள் அந்தப் பேச்சு உங்களைப் பற்றித்தான் என்று தெரியும். எனக்குப் பள்ளி முடிந்து கல்லூரிச் சேர்க்கைக்குக் கூப்பிட்டிருந்த தேதி தகரத்துக்கு அந்தப் பக்கம் கடந்து போனது. அப்பா வாசலுக்கும் தகரத்துக்குமாக நடந்தார். அம்மா பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். அத்தை மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் தெருவை வரைந்து, நோயாளி இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுழி போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு சுழி.

மூன்றாம் நாள் பத்து மணிக்குத் தகரத்தை யாரோ தட்டினார்கள்.

"மேப்பும்மா! உங்க வீட்டுத் துணி எங்கிட்டயே கெடக்குது. எப்படிக் குடுக்கறது, எறியட்டுமா?"

இஸ்திரிக்காரம்மா. தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுக் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கொட்டகைகள் இருக்கின்றன, அங்கே குடியிருப்பவர். அத்தை போய்த் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்தாள். நானும் பின்னால் போனேன்.

"துணி கெடக்கட்டும்மா. ரெண்டு நாளா ஏன் வண்டி போடல?"

"பொண்ணு ஆஸ்பத்திரில. வாந்தியும் பேதியும். இன்னிக்குத்தான் கண்ணத் தொறந்து 'அம்மா'ன்னுச்சு."

"ஐயோ. சீட்டு போட்டீங்களா? எந்தத் தெருன்னு சொன்னீங்க?"

"தெருவா? கவுன்டர்ல ஒரு தம்பி கதவு எண் கேட்டுது. 'எங்க வீட்டுக்குக் கதவே கெடயாது, சாக்குதான் தொங்குது, சாக்குக்கு நம்பர் போடுவியா தம்பி'ன்னேன். தெரு பேரு கேட்டுது. அதுவும் இல்லன்னேன். சரி, வார்டு சொல்லுன்னுச்சு. சொன்னேன். அது எழுதிக்கிச்சு."

அத்தை இடுக்கில் முகத்தை இன்னும் அழுத்தினாள்.

"உங்க பக்கம் இன்னும் யாருக்காவது இருக்கா?"

"யாருக்கு இல்லன்னு கேளு."

அத்தை திரும்பி வீட்டைப் பார்த்தாள். வீட்டைக்கூட இல்லை, மாடிப்படியைப் பார்த்தாள். நடந்து வந்து அதில் உட்கார்ந்தாள். அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அண்ணி, அறுபத்தோரு பேரும் இங்கதான் இருக்காங்க."

"எங்க?"

"இந்தப் படியில. நான்தான் கொண்டாந்து உக்கார வெச்சிருக்கேன்."

அவள் சொல்லச் சொல்ல எங்களுக்குப் புரிந்தது. முகவரி இல்லாத ஒவ்வொருவரையும் அந்த டிக் எங்கள் படியில் ஏற்றியிருந்தது. எங்கள் வார்டில் மூன்று வருடமாக இப்படி வந்தவர்கள் எப்போதாவது ஒருவர் இருவர்தான், யாரும் கவனிக்கவில்லை. இப்போது அறுபத்தொருவர். நோய் இல்லாத இடத்தில் தகரம். நோய் இருக்கும் இடத்தில் எல்லோரும் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

உடனே மேலதிகாரிக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"சார், தப்பு நடந்துபோச்சு. நோய் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு. எங்க தெருவுல ஒருத்தருக்கும் இல்ல."

"கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு? நம்ம மேப்ல அது காலி நெலம்."

"மேப்லதான் காலி, சார். அங்க எழுபது வீடு இருக்கு."

மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. அந்த மேப் மேல போயாச்சு. மேல இருக்கறவங்க இன்னும் மேல காட்டியாச்சு. இப்பப் போய்த் தப்புன்னா யார் தலை உருளும்? உன் தலை மட்டுமா? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. பதினாலு நாள்தானேம்மா, ரெஸ்ட் எடு."

"பட்டியலையாவது அனுப்புங்க சார், நான் இங்கயே சரி பண்றேன்."

"ஆஸ்பத்திரிப் பட்டியல் ஆபீஸ விட்டு வெளிய போகக் கூடாது. நீதானே அந்த விதிய ஒட்டி வெச்ச?" ஃபோன் நின்றது.

அவளிடம் கம்ப்யூட்டர் இல்லை, பட்டியல் இல்லை. வெளியே போகவும் வழியில்லை. மறுநாள் இஸ்திரிக்காரம்மா வந்தபோது இடுக்கு வழியாக ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"எந்த வரிசையில எந்த வீட்ல யாருக்கு வந்துதுன்னு எழுதிட்டு வர முடியுமா? எங்க தண்ணி பிடிக்கறாங்கன்னும்."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கரிப்பெட்டியத் தூக்கறேன்?" என்று அவர் நோட்டைத் திருப்பித் தள்ளினார். "தண்ணி ஒரே எடந்தான். கால்வாய் ஓரத்துல குழாய். வேற எது?"

"அதக் குடிக்காதீங்கம்மா. காய்ச்சியாவது குடிங்க."

"எழுபது வீட்டுக்கும் என் கரியிலயே காய்ச்சவா? நீ வேற தண்ணியக் காட்டு, நான் இத விட்டுடறேன்."

இஸ்திரிக்காரம்மா இரண்டடி நடந்து திரும்பி வந்தார். பிறகு, "யாருக்கு வந்துதுன்னுதானே தெரியணும்? பாக்கறேன்" என்று போய்விட்டார்.

ஐந்தாம் நாள் தகரத்துக்கு மேலே ஒரு துணி மூட்டை வந்து விழுந்தது. எங்கள் வீட்டுத் துணிதான், மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மேல் ஏழு நீளத் துணிப்பட்டைகள். மூட்டை கட்ட அவர் பழைய சேலையைக் கிழித்து வைத்திருக்கும் பட்டைகள். ஒவ்வொன்றிலும் முடிச்சுகள்.

"ஏழு வரிசை, ஏழு பட்டை," என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னார். "கரி தேச்சிருக்கற முனை குழாய்ப் பக்கம். வீட்டுக்கு ஒரு சாண் விட்டேன். ஆளுக்கு ஒரு முடிச்சு. வீடு வீடாப் போய் நின்னு போட்டேன், சும்மா இல்ல."

அத்தை பட்டைகளைக் கூடத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். கரி முனைகளை ஒரே பக்கம் சேர்த்தாள். நாங்கள் மூவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். கரிப் பக்கத்தில் துணியே தெரியாத அளவுக்கு முடிச்சு. தள்ளிப்போகப் போக முடிச்சுகள் விலகின. கடைசி வீடுகளில் பட்டை வெறுமையாகக் கிடந்தது. இவ்வளவு தெளிவான வரைபடத்தை மூன்று வருடத்தில் தான் பார்த்ததில்லை என்றாள் அத்தை.

"கடைசி வீட்டுக்காரங்களும் இதே குழாய்தானாம்மா?" என்று போய்க் கேட்டாள்.

"அவங்க மில்லுல வேலை. வர்றப்ப அங்கயே பிடிச்சிட்டு வந்துடுவாங்க."

அத்தை மண்டியிட்டு எண்ணினாள். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். அதே ஐம்பத்தொன்பது. தகரத்துக்குத் திரும்ப ஓடினாள்.

"ரெண்டு குறையுது. அறுபத்தொண்ணு வரணும்."

அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மா தகரத்தில் சாய்வது கேட்டது. "அந்த ரெண்டு பேரையும் மண்ணுல வெச்சாச்சு. முடிச்சுப் போடக் கை வரல."

அன்றுதான் அத்தை எழுதினாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்தக் கட்டத்தில் டிக் அடித்தது தான்தான் என்றும், அதைச் சரிபார்க்காமல் வண்ண வரைபடம் கொடுத்தது தான்தான் என்றும், கால்வாய்க் குழாயை உடனே மூடி அங்கே லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்ண்ணா."

"யோசிச்சியா?"

"படியில உக்காந்துகிட்டு வேற என்ன பண்ணேன்?"

கடிதத்தையும் பட்டைகளையும் ஃபோனில் படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். "எழுத்துல ஏம்மா குடுத்த?" என்றார். அதட்டவில்லை, கெஞ்சுகிற குரல். "சாயங்காலத்துக்குள்ள குழாய் மூடலன்னா இதே படம் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் போகும் சார்" என்றாள் அத்தை. அவள் யாரையும் மிரட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மதியம் மூன்று மணிக்கு ஓர் ஆள் வந்து குழாயின் திருகைக் கழற்றிக்கொண்டு போனாராம். பராமரிப்புப் பணி என்று பலகை வைத்தார்களாம். மறுநாளிலிருந்து தண்ணீர் லாரி அங்கே போனது. அது எங்கள் லாரி. எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. டிரைவர் காலிக் குடத்தை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதையும் மேப்ல ஏத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை எங்கள் குடத்திலிருந்து பாதியை அதில் ஊற்றினாள்.

தெருவை மட்டும் திறக்கவில்லை. "தெறந்தா ஏன் அடைச்சோம்னு கேப்பாங்கம்மா" என்றார் மேலதிகாரி. நோய் இல்லாத தெருவில், நோய் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும், இன்னும் எட்டு நாள் இருந்தோம். பதினைந்தாம் நாள் காலை தகரத்தைப் பிரித்தார்கள். தகரம் இருந்த இடத்தில் தரையில் துருக் கோடு இன்னும் இருக்கிறது. பால்காரர் இன்றுவரை அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

அத்தையின் வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். அவளை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் வரைபடம் தப்பு என்று எழுத வேண்டும். அதனால் அவளை அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் தலைக்கு மேலே சுவரில் இரண்டு வரைபடங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முதலாவதில் எங்கள் தெரு சிவப்பு, இரண்டாவதில் மஞ்சள். கீழே, 'தெருவை உடனடியாக அடைத்ததால் நோய் கட்டுக்குள் வந்தது' என்ற வரி. பார்க்க வருகிறவர்களுக்கு மேலதிகாரி அதைக் காட்டும்போது அத்தை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கடிதம் எந்தக் கோப்பிலும் இல்லை. ஏழு பட்டைகளும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

இஸ்திரிக்காரம்மாவின் பெண் பிழைத்துவிட்டாள். இப்போது வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள்.

"விட்டுட்டு வந்துடேன், வேற வேலையா இல்ல?" என்று அப்பா கேட்டுப் பார்த்துவிட்டார்.

"விட்டா, அடுத்து வர்றவ முதல் வாரத்துலயே அந்தக் கட்டத்தக் கண்டுபிடிச்சிடுவாண்ணா. நான் கண்டுபிடிச்ச மாதிரியே."

திரும்பிப் போன முதல் நாளே அந்த டிக்கை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் சிவப்பு வரிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்கிறாள். கால்வாய்ப் பக்கம் என்றால் இஸ்திரிக்காரம்மாவைக் கேட்கிறாள். சில நாள் குடையை எடுத்துக்கொண்டு தானே நடக்கிறாள். காலி நிலம் என்றிருந்த இடத்தில் ஏழு கோடுகள் வரைந்து வைத்திருக்கிறாள். அவற்றுக்கு எண் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த வரைபடம் இப்போது இரண்டு மணிக்கு வருகிறது.

நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது பதினொரு சிவப்பில் ஏழு தீர்ந்திருந்தன. மேலதிகாரி வாசலில் வந்து நின்றார்.

"இன்னுமா ஆகல? எல்லாம் மேல காத்துட்டிருக்காங்கம்மா."

"இன்னும் நாலு பேர் எங்க இருக்காங்கன்னு தெரியல, சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அத்தை ஃபோனில் அடுத்த எண்ணை அழுத்தினாள்.